என் நாத்தனார் கட்டிய சீன நகரம்

தினசரிக் காலண்டரில் தாள் எல்லாம் கிழித்து முடித்த பிறகு ஓர் அட்டை மிஞ்சுமே, அதன்மேல் வைத்துத்தான் என் நாத்தனார் மவுஸை நகர்த்துவாள். கடைக்காரர் கம்ப்யூட்டரோடு சும்மா கொடுத்த ரப்பர் பாய் வழுக்குகிறதாம், அதைத் தொடவே மாட்டாள். அலுவலகம் விட்டு வந்து முகம் கழுவி, ஒரு கிண்ணம் அவித்த வேர்க்கடலையோடு உட்கார்ந்துவிட்டால், சாப்பாட்டுக்கு என் மாமியார் மூன்று தரம் கூப்பிட வேண்டும். மூன்றாவது கூப்பாட்டில் கொஞ்சம் திட்டும் கலந்திருக்கும். அவளுக்கு அது காதில் விழாது. அந்த நேரத்தில் அவள் சீனாவில் இருப்பாள்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே நான் மருமகளாகப் போனபோது அவளுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. தாலுகா அலுவலகத்தில் நில அளவராக இருந்தாள். எங்கள் தெரு வாய்க்காலுக்கு மேற்கே, ஊர் கிழக்கே. மாமனார் கடைசிவரை பண்ணை வேலை பார்த்தவர். பிள்ளைகள் இருவரும் படித்து அரசாங்க வேலைக்கு வந்துவிட்டார்கள். நான் பிறந்ததும் அப்படியொரு தெருதான் என்பதால், புகுந்த வீட்டில் எனக்குப் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை, இந்த நாத்தனாரைத் தவிர. முதல் நான்கு மாதம் நாங்கள் இருவரும் உப்பு, புளி தவிர வேறெதையும் பற்றிப் பேசியதில்லை.

கம்ப்யூட்டர் என் கணவர் வாங்கிய பழைய சாமான். முன்னே வைத்திருந்தவர் அழிக்காமல் விட்டுப் போன விளையாட்டு ஒன்று அதில் இருந்தது. பழங்காலச் சீனா, ஓர் ஆறு, அதன் கரையில் வெற்று நிலம். முதலில் ரோடு போட வேண்டும், பிறகு வீடு, வயல், கிணறு, கடை. ஒவ்வொரு கட்டத்திலும் இன்னின்னது வேண்டும் என்று ஒரு பட்டியல் கேட்கும். அதைக் கொடுத்துவிட்டால் அடுத்த கட்டம். அதில் நெல் விளைகிற விதத்தைப் பார்த்து முதல் நாளே அவளுக்குக் கோபம். “நாத்து விடல, நடவு நடல, தானா வளருதாம். இவனுங்க வயலையே பாத்ததில்ல போல” என்றாள். ஆனாலும் விடவில்லை.

நான் தனியார் பள்ளியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். இந்த விளையாட்டை எப்படி ஜெயிப்பது என்று யார் யாரோ இணையத்தில் எழுதி வைத்திருப்பதைக் கண்டுபிடித்து, பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து வந்து, தமிழில் சொல்லிக் காட்டினேன். அதிலிருந்துதான் நாங்கள் சிநேகிதமானோம். நான் படிப்பேன், அவள் கட்டுவாள். விளையாட்டின் சூட்சுமம் எல்லாம் நடக்கிற ஆட்களிடம் இருந்தது. தண்ணீர் சுமப்பவன் கிணற்றிலிருந்து கிளம்பி ரோட்டோடு போவான். முச்சந்தி வந்தால் எந்தப் பக்கம் திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. அவன் வராத பக்கத்து வீடு காயும். இரண்டு மாதம் காய்ந்தால் ஓட்டு வீடு திரும்பவும் கூரை வீடாகிவிடும். இன்னும் விட்டால், அந்தக் குடும்பம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊரை விட்டே போய்விடும். அதனால் முச்சந்தியே இல்லாமல் நீளமாக ஒரே தெரு போடு, கடையையும் கிணற்றையும் நடுவில் வை என்று எழுதியிருந்தார்கள். தெருவை ஒத்துக்கொண்டாள், நடுவை ஒத்துக்கொள்ளவில்லை. “வாய்க்கா முடியிற எடம் மாதிரி, கடைமடையில வைங்க அண்ணி. அங்க தண்ணி போயிட்டா தலைமடையப் பத்திக் கவலையே வேணாம்” என்றாள். வயலும் வாய்க்காலும் இல்லாத ஊரில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு இது தோன்றாது. அவள் சொன்னபடியே வைத்தோம். நான்கு கட்டம் மளமளவென்று போயிற்று.

ஐந்தாவதில் மாட்டிக்கொண்டோம். நெல் கேட்டது, பட்டு கேட்டது, அதெல்லாம் ஆயிற்று. அதோடு, விளையாட்டுக் கணக்கில் இருபது வருடத்துக்குள், பிரபுக்கள் குடியிருக்கிற பெரிய வீடு பன்னிரண்டு உச்ச நிலைக்கு வர வேண்டும் என்றது. அந்தப் பெரிய வீட்டுக்காரர்கள் ஒரு வேலையும் செய்யமாட்டார்கள். வயல் ஆட்களின் வீடு பக்கத்தில் இருந்தால் அவர்கள் வீடு மேலே ஏறாது. நான் பிரிண்ட் எடுத்து வந்த அத்தனை தாளிலும் ஒரே வழிதான் இருந்தது: வேலையாட்களை ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடிவை, பெரிய வீடுகளைச் சுற்றி மதில் எழுப்பு, ஒரு கேட் போடு.

நான் படித்து முடித்ததும் அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். “நான் அளந்த ஊர் எல்லாத்துலயும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்தான் நம்ம தெரு. இதுலயாவது நான்தானே வரையறேன்” என்றாள். பிறகு கடலை உரிக்கத் தொடங்கிவிட்டாள். கோபமாகச் சொல்லவில்லை, அளவு சொல்கிற மாதிரி சொன்னாள். ஒரே தெருவில் இரண்டு தரப்பையும் குடிவைத்து ஜெயித்துக் காட்டுவது என்று அன்றைக்கு முடிவு செய்துவிட்டாள் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. இடையில் தோட்டம் வைத்தாள், குளம் வெட்டினாள், பட்டறைகளைத் தள்ளிப் போட்டாள். ஆறு வீடு ஏறும், ஏழு ஏறும், நின்றுவிடும். கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டைக் காட்டி, இது நம்ம வீடு என்பாள். நாங்கள் மூன்று பேரும் அத்தையும் அதில் இருக்கிறோமாம்.

இன்னொரு வழக்கமும் அவளுக்கு உண்டு. விளையாட்டைச் சேமிக்கும்போது ஒரே பிரதியாகத்தான் சேமிப்பாள். எதற்கும் இருக்கட்டும், வேறு பெயரில் இன்னொன்று போட்டு வை என்று எத்தனையோ தரம் சொன்னேன். “ஒரு நிலத்துக்கு ஒரு பட்டாதான் அண்ணி. ரெண்டு போட்டா வம்பு” என்று சிரிப்பாள். ரெண்டு பட்டாக்காரர்கள் சண்டை போடுவதைத் தினமும் பார்க்கிறவள் அவள்.

அந்த வருடம் ஜமாபந்தி நேரம். கணக்குச் சரிபார்ப்பு என்று விடிந்தால் தாலுகா அலுவலகம் போய் இருட்டித்தான் வருவாள், கம்ப்யூட்டர் பக்கமே திரும்பவில்லை. எனக்குக் கோடை விடுமுறை. ஆறுமாதப் பாடு, பாவம், ஏழு வீட்டில் நிற்கிறதே என்று தோன்றியது. அவளுக்கு ஒரு சந்தோஷம் கொடுக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இரண்டே நாள். தெருவின் கிழக்கே இருந்த குடிசைகளை இடித்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் போட்டேன், மதில் எழுப்பினேன், கேட் வைத்தேன். பன்னிரண்டு வீடும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. திரையில் வாணவேடிக்கை விட்டது. நான் கை தட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சேமித்தேன், அவளுடைய அதே பெயரில்.

ஜமாபந்தி முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். நின்றபடியே பார்த்தாள். மவுஸைப் பிடித்து மெதுவாக அந்த நகரத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். “நம்ம வீடு எங்க அண்ணி?” என்றாள். நான் கிணற்றடியில் தேடினேன். அங்கே மதில்தான் இருந்தது. பிறகு ஆற்றைத் தாண்டி ஓரிடத்தைக் காட்டி, இங்கே எங்கேயோ இருக்கும் என்றேன். அவள் சரி என்றாள். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் துணி துவைக்கப் போனாள். அதன்பிறகு எங்களுக்குள் பேச்சு திரும்பவும் உப்பு, புளியில் வந்து நின்றது.

அந்தத் தை மாதம் நானும் என் கணவரும் தஞ்சாவூருக்குக் குடிவந்துவிட்டோம். அதற்கு முன்பிருந்தே பார்த்து வைத்த இடம்; சுற்றுச்சுவரும் கேட்டும் வாட்ச்மேனும் உள்ள குடியிருப்பு. இங்கே யாரும் யாரையும் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. அது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது, இன்றும் இருக்கிறது. நாத்தனார் வரவில்லை. கல்யாணம் செய்துகொண்டு, வீட்டுக்காரரையும் அந்தத் தெருவுக்கே கூட்டிவந்துவிட்டாள். அத்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சொன்னாள். நாங்களும் அதையே காரணமாக வைத்துக்கொண்டோம்.

போன காணும் பொங்கலுக்கு அவள் வந்திருந்தாள். உள்ளே விடலாமா என்று வாட்ச்மேன் போனில் கேட்டார். எங்க வீட்டு ஆள்தான் விடுங்க என்றேன். சொல்லிவிட்டு நானே கேட்வரை போய்க் கூட்டிவந்தேன். சாப்பாடு முடிந்து, என் கணவர் படுத்த பிறகு, வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். “அன்னிக்கு நான் செஞ்சது தப்பு. உன்னக் கேக்காம அந்த ஊரை இடிச்சது” என்றேன்.

“அத இப்பத்தான் சொல்றீங்களா?” என்று சிரித்தாள். வெற்றிலையில் காம்பைக் கிள்ளிப் போட்டாள். நாங்கள் வந்த பிறகு வெற்று நிலத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாளாம். பழைய கம்ப்யூட்டர் செத்துப்போய், லேப்டாப்பில் ஏற்றி, விட்டு விட்டு ஆடி, போன ஐப்பசி அடைமழையில்தான் முடித்தாளாம்.

“ஆட்டத்துல இருபது வருசமும் ஓடிப்போச்சு அண்ணி. பன்னண்டு கேட்டுச்சு, ஒம்பது வீடுதான் ஏறுச்சு. தோத்துட்டேன்னுதான் காட்டுது.”

“அடடா” என்றேன்.

“ஒரே தெருதான். கேட்டே வைக்கல. இருபது வருசத்துல ஒரு குடும்பம்கூட ஊரை விட்டுப் போகல.”

நான் சுண்ணாம்பு டப்பியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினேன். நாங்கள் வந்து பதினான்கு வருடம் முடிந்திருந்தது.