செம்பூர் மைதானத்தில் நான் சொன்ன பொய்

அந்தக் கார் அசல் இல்லை என்று தெரிந்தே, அசல் என்று என் நண்பரிடம் சொன்னேன். சில வருடங்கள் கழித்து அது பலர் முன்னால் அம்பலமானபோது, வாங்கும்போதே எச்சரித்ததாக இன்னொரு பொய்யையும் சொன்னேன். முதல் பொய்யை அவர் மன்னித்திருப்பார் என்றே நினைக்கிறேன். இரண்டாவது பொய்யால் அவருக்கு நேர்ந்ததைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்துச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீடு மாட்டுங்காவில். பழைய கார்கள் என்றால் பைத்தியம், ஆனால் ஒன்றைக்கூட வாங்கியதில்லை. நடைபாதைக் கடைகளில் இங்கிலாந்து மோட்டார் பத்திரிகைகளின் பழைய இதழ்களைப் பொறுக்கி வந்து படிப்பேன். ஒரு விளக்கின் விளிம்பைப் படத்தில் காட்டினால் போதும், வண்டியின் பெயரைச் சொல்லிவிடுவேன். அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு.

நண்பர் தாராவியில் தோல் பைப் பட்டறை வைத்திருந்தவர். திருநெல்வேலிப் பக்கம். எல்லோரையும் போல நானும் அவரைப் பாய் என்பேன். அவர் என்னைச் சர்வேயர் என்பார். அவருடைய டெம்போவை ஒரு லாரி இடித்துவிட, அதைப் பார்க்கப் போன இடத்தில் ஏற்பட்ட பழக்கம்.

அவர் தெருவில் பாதிப் பட்டறைகள் ஃபர்ஸ்ட் காப்பியில்தான் ஓடின. வெளிநாட்டுக் கம்பெனியின் பையைப் பார்த்து அதே மாதிரி தைத்து, அந்தக் கம்பெனியின் பெயர் பொறித்த தகட்டையும் பதித்து விற்கிற வேலை அது. பாய் அதைத் தொட மாட்டார். ஏஜெண்டுகள் தகடுகளைப் பொட்டலமாகக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தால், "தோலு என்னுது, தையலு என்னுது, பேரு மட்டும் எவனுதோவா? எடுத்துட்டுப் போவே" என்று விரலால் தள்ளிவிடுவார்.

பட்டறையைக் கூட இருந்து பார்த்துக்கொண்ட மகனுக்கு இதில் மனத்தாங்கல். "நம்ம பேர வச்சு என்ன ஃபாய்தா வாப்பா, என்ன லாபம்? ஆர்டரெல்லாம் எதிர்க்கடைக்குப் போவுது" என்று என் முன்னாலேயே கேட்டிருக்கிறான்.

"பேர வச்சுப் பேருதாம்ல கிடைக்கும்" என்றார் பாய்.

உண்மையில் கிடைத்தது. அவர் கடையில் தோல் என்றால் தோல்தான் என்று வெளியூர் வியாபாரிகள் அவரைத் தேடி வந்தார்கள். பட்டறை பெரிதாகவில்லை, ஆனால் நின்றது.

ஒரு நாள் பாய் போனில் ஒரு படத்தைக் காட்டினார். தேவ்நாரில் ஒரு கொட்டகையில் நிற்கும் சிவப்பு நிறத் திறந்த கார், இருவர் மட்டும் உட்காரக்கூடியது. முகப்பில் பேர்போன ஓர் ஆங்கிலக் கம்பெனியின் தகடு. சொந்தக்காரர் இறந்துபோய், குடும்பத்தார் விற்கிறார்கள். அந்தக் கம்பெனியின் வண்டிகள் இந்தியாவுக்கு வந்தது அபூர்வம். நான் மூக்குக்கண்ணாடியைக்கூடத் துடைக்காமல், "அசல் பாய். கண்ண மூடிண்டு வாங்குங்கோ" என்றேன். அதோடு விடாமல், மாட்டுங்காவில் காபி குடிக்கும் இடத்திலெல்லாம் நானே அதைக் கண்டுபிடித்ததுபோல் வாரக்கணக்கில் அளந்தேன்.

பிறகுதான் நேரில் பார்க்கப் போனோம். பாய் புதுச்சட்டை போட்டு, மனைவியையும் அழைத்து வந்திருந்தார். அசல் வண்டியின் உடல் அலுமினியம் என்று நான் சொல்லியிருந்ததால், வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து வந்திருந்தார். அதைக் கதவில் வைத்தார். ஒட்டாமல் கீழே விழுந்தது. "அலுமினியந்தாம்வே" என்று சந்தோஷமாக என்னைப் பார்த்தார்.

நான் கதவை விரல்முட்டியால் தட்டினேன். அலுமினியத் தகட்டைத் தட்டினால் ஓசை கொஞ்சம் நீளும். இது பிளாஸ்டிக் வாளியைத் தட்டியதுபோல் அங்கேயே நின்றது. ஃபைபரிலும் காந்தம் ஒட்டாது.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். சக்கரத்துக்கு மேலே உட்புறம் வண்ணம் பூசாத இடத்தில் ஃபைபர் இழைகள் கோரைப்பாயின் பின்னலைப்போல் தெரிந்தன. கதவுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே இருக்க வேண்டியதைவிட மூன்று விரல் அகலம் கூடுதல். அடிச்சட்டமான சேஸிஸ் ஏதோ ஒரு சாதாரணக் குடும்பக் காருடையது. எப்போதோ ஒரு பழைய இதழின் கடைசிப் பக்கத்தில் பார்த்த சிறிய விளம்பரம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இங்கிலாந்தில் ஒரு சின்னப் பட்டறை, பேர்போன அந்தக் காரைப் போலவே ஃபைபரில் உடல் செய்து பகுதி பகுதியாக விற்றது. வாங்குகிறவர் ஏதாவது பழைய காரின் சேஸிஸில் அதைப் பொருத்திக்கொள்ள வேண்டும். கிட் கார் என்பார்கள். கொஞ்சம் வண்டிகள் விற்றதோடு அந்தப் பட்டறை மூடப்பட்டது. வெளியே வந்து டாஷ்போர்டுக்கு அடியில் தடவிப் பார்த்தேன். அந்தப் பட்டறையின் தகடு இருந்திருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ரிவெட் துளைகள் மட்டும் இருந்தன. யாரோ அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, முகப்பில் பெரிய கம்பெனியின் தகட்டைப் பதித்திருக்கிறார்கள். எந்த வேலையைப் பாய் காலமெல்லாம் மறுத்து வந்தாரோ அதே வேலை.

விற்றவர்களுக்கு இது தெரியுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது.

"நல்ல வண்டிதானாங்க?" என்று பாயின் மனைவி அவரிடம் கேட்டார்.

"சர்வேயரு சொல்லிட்டாருல்லா. பொறவு என்ன?"

நான் எழுந்து சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு, "அசல்தான் பாய்" என்றேன். படத்தைப் பார்த்து ஏமாந்துவிட்டேன் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். மாட்டுங்காவில் இத்தனை பேரிடம் அளந்த பிறகு, அந்த வரி வாயில் வரவில்லை.

அதற்குப்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் பாய் என் வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடிப்பார். இட்லி சாப்பிட்டுவிட்டு வாஷி பாலம் வரை போய் வருவோம். "எங்க வீட்டுல கட்டிலு, பீரோ, மெஷினு எல்லாம் செகண்ட் ஹேண்டுதான். இதுவும் செகண்ட் ஹேண்டுதான். ஆனா அசலு" என்று சிரிப்பார். கடைக்கு வரும் வியாபாரிகளுக்கும் அதையே சொல்வார். அப்போதெல்லாம் நான் வேறு எங்காவது பார்ப்பேன். அந்த இருக்கையில் காற்று முகத்தில் அடிக்க உட்கார்ந்திருந்தது எனக்கும் பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

கண்காட்சி, போட்டி என்று யாராவது பேச்செடுத்தால் வண்டிக்கு வெயில் ஆகாது, கூட்டம் ஆகாது என்று தட்டிக்கழித்து வந்தேன். ஆனால் செம்பூரில் ஒரு மைதானத்தில் பழைய கார்கள் கூடும் நாளுக்கு என்னிடம் சொல்லாமலே அவர் பெயர் கொடுத்துவிட்டார். மகனும் தெருக்காரர்கள் சிலரும் கூட வந்திருந்தார்கள்.

நடுவராக வந்தவர் புனேக்காரர், வயதானவர், மென்மையாகப் பேசுகிறவர். வண்டியைச் சுற்றி வந்தார். கதவுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே விரல்களை வைத்துப் பார்த்தார். ஒருமுறை தட்டினார். தேவ்நாரில் நான் கேட்ட அதே ஓசை.

"மிக அழகாகப் பராமரித்திருக்கிறீர்கள்" என்று ஆங்கிலத்தில் பாயிடம் சொன்னார். "ஆனால் இது அந்தக் கம்பெனியின் வண்டி அல்ல. கிட் கார். இந்தத் தகடு இதில் இருக்கக் கூடாது."

பின்னாலிருந்து ஒருவன், "தாராவி கா மால் ஹை பாய்" என்று, இது தாராவிச் சரக்கு எனக் கேலி செய்தான். சிரித்தார்கள். போன்களை உயர்த்திப் படமெடுக்கத் தொடங்கினார்கள்.

பாய் நடுவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "நீரு பாத்துத்தானே வாங்குனேன். சொல்லும்வே."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அந்தக் கூட்டத்தில் என்னை விஷயம் தெரிந்தவன் என்று மதித்தவர்கள் பலர். "எனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது. சொன்னேன். ஆசைப்பட்டு வாங்கிவிட்டார்" என்றேன். ஆங்கிலத்தில் சொன்னேன். அதைப் புரிந்துகொள்ளும் அளவு ஆங்கிலம் பாய்க்குத் தெரியும்.

அவர் நடுவரிடம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, இந்தியில் சொன்னார்: "ஆமாம், இவர் சொன்னார். நான்தான் கேட்கவில்லை."

தெரிந்தே போலித் தகட்டோடு வந்து நின்றவர் என்று அந்தச் சொல்லோடு அவர் ஆகிவிட்டார். நான் தப்பித்தேன்.

திரும்பும்போது பாய்தான் ஓட்டினார். என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும், "வாங்கும்போதே உமக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்."

"ம்."

"நீங்க ஏன் பாய் அப்படிச் சொன்னேள்?"

"அங்க நின்ன உம்ம மொகத்தப் பாக்க முடியல. எறங்கும்."

அந்த வீடியோ தாராவிக்குப் போய்ச் சேர அதிக நேரம் ஆகவில்லை. தகட்டுப் பொட்டலத்தோடு துரத்தப்பட்ட ஏஜெண்டுகள் டீக்கடையிலிருந்தே, "என்ன பாய், காரும் ஃபர்ஸ்ட் காப்பியாமே?" என்றார்கள். "ஆமாவே. தகடு பதிச்சவனும் உங்க ஆளுதான் போல" என்று முதலில் அவரும் சிரித்துச் சமாளித்தார். பொறுக்க முடியாதது வேறொன்று. பல வருடங்களாக அவரிடம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய நாக்பூர் வியாபாரி ஒருவர், நான் போயிருந்த ஒரு நாள், ஒரு பர்ஸைக் கையில் எடுத்தார். லைட்டரைப் பற்றவைத்து அதன் ஓரத்தைப் பொசுக்கி மோந்து பார்த்தார். தோலா ரெக்ஸினா என்று தெரிந்துகொள்ள எல்லாக் கடையிலும் செய்வதுதான். இந்தக் கடையில் யாரும் செய்ததில்லை. பாய் எதையோ தேடுவதுபோல் பின்பக்கம் போய்விட்டார். அந்த வியாபாரி போகும்வரை வெளியே வரவில்லை.

நான்தான் இதைச் சரிசெய்ய வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த வருடம் அதே மைதானத்தில், அதே கூட்டத்தில் மைக்கைக் கேட்டு வாங்கினேன். தெரிந்தே ஏமாற்றியவன் நான், அவரை நான் எச்சரிக்கவே இல்லை, என் மானத்தைக் காப்பாற்ற அவர் பழியை ஏற்றுக்கொண்டார் என்று விடாமல் சொன்னேன். இந்த முறையும் போன்கள் உயர்ந்தன. சிலர் கைதட்டினார்கள். ஓர் இளைஞன் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "அங்கிள், பஹுத் ஹிம்மத் சாஹியே" என்று என் தைரியத்தைப் பாராட்டினான். மனம் லேசாகி வீட்டுக்கு வந்தேன். பாயிடம் முன்கூட்டிச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சில நாள் கழித்து அவர் மகன் போன் செய்தான். கோபமாகப் பேசவில்லை.

"அங்கிள், நல்லதுன்னு நெனச்சுப் பண்ணிட்டீங்க. இப்ப தெருவுல என்ன பேசுறாங்க தெரியுமா? ஒரிஜினல் பாயும் கேமரா முன்னாடி நின்னு பொய் பேசுவாருன்னு. கார் மேட்டரை எல்லாரும் மறந்துட்டு வந்தாங்க. இப்ப இதுதான் பேச்சு." பிறகு வேலைப் பேச்சுக்கு வந்தான். "ஒரு பெரிய ஆர்டர் வந்துருக்கு. தகடு வச்சு. நான் வாப்பாகிட்ட கேட்டேன், இனி யாருக்காகப் பேரைக் காப்பாத்தணும்னு. அவர் எந்திரிச்சு உள்ள போயிட்டார். எடுத்துட்டேன்."

மன்னிப்புக் கேட்கச் சான்பாடாவுக்குப் போனேன். அங்கே ஒரு ஃபிளாட்டில்தான் பாய் குடும்பம் இருக்கிறது. பாய் பட்டறைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். காரின் தகட்டைக் கழற்றிவிட்டு, கிட் கார் என்று சொல்லியே அதை விற்றுவிட்டதாக அவர் மனைவி சொன்னார்.

"வாரும். ட்ரெயின்லயா வந்தீரு?" என்றார் பாய்.

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் பேசியிருக்கலாம்லா" என்றார். "அன்னைக்கு அங்க நின்னு சொன்னது என் வார்த்தவே. பொய்யா இருந்தா என்ன, நான் யோசிச்சுச் சொன்னது. அத நீரு எடுத்துட்டுப் போயி மைக்குல வச்சுட்டீரு."

"மகன்ட்ட நீங்க சொன்னா கேப்பான் பாய். அந்த ஆர்டர் வேண்டாம்னு."

"என்னன்னு சொல்ல? இனி யாருக்காகன்னு அவன் கேக்கான்வே."

சோபாவின் ஓரத்தில் பிளாஸ்டிக் உறையில் ஒரு பை இருந்தது. மகன் மாதிரிக்காகக் கொண்டுவந்து வைத்தது. நடுவில் வெளிநாட்டுப் பெயரோடு தங்க நிறத் தகடு. பாய் அதை எடுத்து, உறையை விலக்கி, தகட்டைப் பார்க்காமல் ஓரத்துத் தையலைக் கட்டைவிரலால் தடவினார்.

"தையலப் பாரும்."

பார்த்தேன். ஒரே சீராக இருந்தது. "நன்னா இருக்கு பாய்" என்றேன்.

"நல்லாத்தான் தைக்கான்வே" என்று சொல்லி உறையைத் திரும்ப மூடினார். மனைவி கொண்டுவந்த டீயைக் குடித்தோம். லிஃப்ட் வரை வந்து, பொத்தானை அழுத்தி, பார்த்துப் போகச் சொன்னார்.

அதற்குப்பின் நான் போன் செய்தால் அவர் மனைவிதான் எடுக்கிறார். தூங்குகிறார் என்கிறார். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் தூங்குகிறார் என்கிறார். நானும் சரி என்று சொல்லி வைத்துவிடுகிறேன்.