நான் அடித்த சோப்புத் தண்ணீர்

சிதம்பரத்தில் மாமாவோடு வாழ முடியாமல் கடலூரில் எங்கள் வீட்டுக்கு வந்த அத்தை, வந்த மறுவாரமே கொல்லையில் அவரை விதை ஊன்றினாள். திரும்பிப் போவதில்லை என்ற முடிவில் இருந்தாள். அண்ணன் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்பதுதான் அவளுடைய ஒரே பயம்.

"இது மட்டும் காச்சிச்சின்னா நீ கடையில காயே வாங்க வேணாண்ணே" என்பாள். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "பாக்கலாம், பாக்கலாம்" என்பார்.

பந்தல் நிறையப் பூ வந்த சமயத்தில் கொழுந்தெல்லாம் கறுப்பாக அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டது. அத்தை செல்போனில் பார்த்து மருந்து தயாரித்தாள். குளித்துத் தேய்ந்த சோப்புத் துண்டுகளைச் சீவிக் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைத்து, வேப்பெண்ணெய் சில சொட்டு விட்டு, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் அடிப்பாள். காலையில் நல்ல தண்ணீரால் கழுவிவிடுவாள். பூச்சி குறைந்துதான் வந்தது. ஆனால் பத்து வயதில் பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம்.

ஒரு சனிக்கிழமை அத்தை திருவந்திபுரம் கோயிலுக்குப் போனாள். அவள் வருவதற்குள் ஒரு பூச்சிகூட இல்லாமல் செய்து அசத்திவிட நினைத்தேன். நுரை ஜாஸ்தி என்றால் வேகமும் ஜாஸ்தி என்பது என் விஞ்ஞானம். துணி துவைக்கும் சோப்புத் தூளை இரண்டு கை அள்ளி வாளியில் கலக்கி, உச்சி வெயிலில் பந்தல் முழுக்க அடித்தேன். பூச்சிகள் உதிர்ந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திங்கட்கிழமை இலைகள் தீய்ந்து சுருண்டிருந்தன. பூவெல்லாம் தரையில் கிடந்தது. அத்தை ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தாள். பிறகு துவைக்கும் கல்லுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள். அதற்குள் அப்பா வந்துவிட்டார்.

"நாந்தாண்ணே, சோப்பக் கொஞ்சம் ஜாஸ்தியாப் போட்டுட்டேன்" என்றாள்.

"நீ எதத் தொட்டாலும் இப்படித்தான். அங்கயும் இப்படித்தான கெடுத்துக்கிட்டு வந்து நிக்கிற!"

நான் வாயைத் திறக்கவில்லை. அடி தப்பியது என்று நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிமிஷத்தை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கே வெறுப்பு வருகிறது.

அதன்பிறகு அத்தை கொல்லைப் பக்கம் போகவில்லை. அடுத்த வாரம் அவளே மாமாவுக்குப் போன் செய்தாள். அவர் கார் எடுத்துக்கொண்டு வந்தார். அத்தை மறுபேச்சில்லாமல் பையோடு ஏறி உட்கார்ந்தாள்.

"எம்மேல கோவமா அத்த?" என்று ஜன்னலோரம் போய்க் கேட்டேன்.

"உம்மேல எனக்கென்னடி கோவம்? நல்லாப் படி" என்று என் கன்னத்தைத் தட்டினாள்.

அத்தையும் மாமாவும் சமாதானமாகிவிட்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சந்தோஷமாகச் சொல்லித் திரிந்தேன். அவளுக்குப் போக மனமே இல்லை, எங்கள் வீட்டில் இருக்கத்தான் முகமில்லாமல் போயிற்று என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.