முழுங்கின அடி

பஸ் பணிமனையில் பிரேக் பார்க்கும் மெக்கானிக்குக்கு வீட்டில் ஒரு பட்டப்பெயர் உண்டு: அடிமுழுங்கி. வைத்தவர் மனைவியின் அண்ணன். எண்பதுகளில் இருவரும் ஒரே பேண்ட். மச்சான் பாட்டு, இவர் டிரம்ஸ். போட்டதே ஒரு ஆல்பம்தான். அதன் முதல் பாட்டில், பல்லவி உச்சத்துக்கு ஏறுகிற இடத்தில், இவர் கையிலிருந்து குச்சி நழுவியது. எட்டிப் பிடிப்பதற்குள் தாளத்தில் ஒரு அடி போயே போச்சு! அடுத்த பேண்ட் ஸ்டுடியோ கதவைத் தட்டிக்கொண்டு நின்றதால் மறுபடி பதிவு செய்ய முடியவில்லை.

ஆல்பம் ஊற்றிக்கொண்டது. அதற்கு ஆயிரம் காரணம் இருந்திருக்கும், மச்சானுக்கு ஒன்றே ஒன்றுதான். எந்த விசேஷமானாலும் நாலு பேர் முன்னால், "வாய்யா அடிமுழுங்கி!" என்பார். இவர் சிரித்துச் சமாளிப்பார், உள்ளே சுருக்கென்று தைக்கும். கட்டிலுக்கு அடியில் போன டிரம்ஸ் திரும்ப வெளியே வரவேயில்லை.

இப்போது பாருங்கள், ஒரு டிஜே பெண் அந்த ஆல்பத்தைப் பழைய கடையில் கண்டெடுத்து, முதல் பாட்டை ரீமிக்ஸ் செய்கிறாளாம்! மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை.

"மாப்ளே, உன் ஓட்டைய அடைச்சிடச் சொல்லிட்டேன்."

மெக்கானிக்குக்குச் சோறு இறங்கவில்லை. அடைத்தால், வாசித்தது தப்பு என்று முத்திரையே குத்தியாகிவிடும். அடைக்காவிட்டால் ஊரே கேட்டுச் சிரிக்கும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது டிரம்ஸ்காரருக்கா தெரியாது!

வெளியீட்டன்று அரங்கம் முழுக்க இளவட்டங்கள். மனைவிதான் இவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். மச்சான் பளபளக்கிற சட்டையில் முன்னால் நின்றார். பாட்டு கிளம்பியது. அடேயப்பா, என்ன வேகம்! தன் கைதானா அது என்று இவருக்கே சந்தேகம். பல்லவி ஏற ஏற, கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

சட்டென்று சத்தமே இல்லை. ஓட்டை அப்படியே இருந்தது! முதல் தடவை கூட்டம் தடுமாறியது, சிரித்தது. அந்தப் பெண்ணோ அதையே திரும்பத் திரும்ப வரவைத்தாள். நாலாவது தடவை, அத்தனை பேரும் ஒரு காலைத் தூக்கியபடி காத்திருந்து, அடுத்த அடிக்குத் தொம்மென்று ஒன்றாக இறக்கினார்கள். தரை அதிர்ந்தது.

"அந்த டிரம்ஸ்காரர் எங்கே?" என்று அவள் மைக்கில் கத்தினாள். "அந்த ஒரு இடத்துக்காகத்தான் பாட்டையே எடுத்தேன்!"

இவருக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம் தாங்கவில்லை.

மச்சான் மட்டும் ஒவ்வொரு தடவையும் முந்திக்கொண்டு, தன்னந்தனியாகக் குதித்து மாட்டிக்கொண்டார். இத்தனை வருஷமாக அந்த அடியைத் தானே காலால் போட்டு நிரப்பிப் பழகியவர், பாவம்! கூட்டமே அவரைப் பார்த்துச் சிரித்தது. மெக்கானிக் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து அமுக்கினார்.

"அவசரப்படாதீங்க மச்சான், நான் சொல்லித் தர்றேன். இதோ வருது... முழுங்குங்க! முழுங்குங்க!"