மாமா வெட்டச் சொன்ன கான்

எங்கள் அப்பாவும் மாமாவும் பேசிக்கொள்வதில்லை என்பது எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே வீட்டுச் சட்டங்களில் ஒன்று. மாமா என்றால் அத்தையின் கணவர். அத்தை அப்பாவுக்குத் தங்கை. இலங்கையிலிருந்து திரும்பி வந்த ஒரு குடும்பத்துப் பையனை, வீட்டில் யாரையும் கேட்காமல், குன்னூர்க் கோயில் ஒன்றில் மாலை மாற்றிக் கட்டிக்கொண்டவள். கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்து, பாடுபட்டு ஒரு சரிவை வாங்கித் தேயிலை வைத்த எங்கள் அப்பாரு, அதாவது அப்பாவைப் பெற்றவர், ஒரே வருடத்தில் மகளை மன்னித்துவிட்டார். சரிவின் அடித்துண்டை அவள் பேருக்கு எழுதியும் வைத்தார். அப்பா மன்னிக்கவில்லை. அப்பாரு எழுதியதை அழிக்கவும் வழியில்லை. ஆகவே மேலே நாங்களும் கீழே அவர்களுமாக, ஒரே சரிவில் இரண்டு வீடுகள் ஒன்றையொன்று பாராத பாவனையில் இருந்தன.

இந்தப் பாவனைக்கு ஒரே இடைஞ்சல் தண்ணீர். குடிதண்ணீர் ஊற்று அத்தை நிலத்தின் ஓரத்தில் இருந்தது. பாறைக்கு அடியிலிருந்து கசிந்து வரும் நீரைச் சிறிய தொட்டி கட்டித் தேக்கியிருந்தார்கள். அக்கம்பக்கத்து எட்டு வீட்டுக்கும் அதுதான். அம்மா காலையில் இரண்டு குடத்தோடு இறங்கிப் போவாள். இரண்டு குடம் நிரம்ப ஒரு மணி நேரம் ஏன் ஆகிறது என்று அப்பா ஒருநாளும் கேட்டதில்லை. அம்மாவும் அத்தையும் அங்கே உட்கார்ந்து பேசுவது அவருக்குத் தெரியும். தெரியாததுபோல இருப்பதும் சட்டத்தில் சேர்த்திதான்.

அப்போதுதான் தேயிலை விலை விழுந்தது. இலை கிள்ளும் கூலிக்குக்கூட இலை விற்ற காசு போதாது என்ற நிலை வந்தது. ஃபேக்டரிக்காரர்கள், இலை முற்றிவிட்டது, ஈரம் அதிகம் என்று ஏதாவது சொல்லி மூட்டையைத் திருப்பி அனுப்பினார்கள். அப்பா சில நாள் அந்த மூட்டையை ரோட்டோரம் கொட்டிவிட்டு வெறும் சாக்கோடு வந்தார். எஸ்டேட்டுகளில் ஆள் குறைத்தார்கள். அப்படி வேலை போனவர்களில் மாமாவும் ஒருவர். எஸ்டேட்டில் கான் வெட்டுவது அவர் தொழில். கான் என்றால் மழைத்தண்ணீர் வடிவதற்குத் தோட்டத்தில் வெட்டும் வாய்க்கால். வேலை போனபிறகு அவர்கள் வீட்டில் அடுப்பெரிந்தது ஒரு பசுவால்தான். அத்தை பாலை எடுத்துக்கொண்டு வெலிங்டன் ராணுவக் குவார்ட்டர்ஸ் வரை நடந்துபோய் ஊற்றிவிட்டு வருவாள்.

அப்பா ஒருநாள் முடிவெடுத்து, சரிவின் பாதித் தேயிலையைப் பிடுங்கிவிட்டுக் கேரட் போட்டார். அப்பாரு கையால் வைத்த செடிகள். வேர் லேசில் வரவில்லை. ஒவ்வொரு தூரையும் கடப்பாறையால் நெம்பித்தான் எடுத்தார். அம்மாவும் நானும் அந்தத் தூர்களை விறகுக்கு அடுக்கினோம்.

கேரட்டுக்கு வேரில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். அதனால் அப்பா மேலிருந்து கீழாக, நேர்கோடாக, மூன்று கான் இறக்கினார். மழை பெய்தால் தண்ணீர் ஒரே பாய்ச்சலாகக் கீழே போய்விடும். வெட்டிக்கொண்டிருந்தபோது மாமா கீழே பசுவுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு, பசுவிடம் சொல்வதுபோல உரக்கச் சொன்னார்:

"கான இப்பிடிச் செங்குத்தா இறக்கப்படாது. குறுக்க வெட்டி, எடையில எடையில குழி விடணும். தண்ணி ஓடப்படாது, நடக்கணும்."

அப்பா மண்வெட்டியிடம் பதில் சொன்னார். "அவங்கவங்க காட்டுல அவங்கவங்களுக்கு வெட்டத் தெரியும்."

பசு இரண்டு பேரையும் பார்த்துவிட்டு மேயத் தொடங்கியது. எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு அப்போது பத்து வயது.

உரக்கடைக்காரர் சொன்னதைவிட ஒரு பங்கு கூடவே அப்பா உரம் போட்டார். மண் தேயிலைக்குப் பழகிய மண், கேரட்டுக்குச் சத்துப் பத்தாது என்று அவராகவே ஒரு கணக்கு வைத்திருந்தார். முதல் மழைக்குப் பிறகு கேரட் இலை கறுகறுவென்று தழைத்தது. அதே மழையில் கீழே ஊற்றுத் தொட்டி கலங்கியது. கலங்கல் தெளிந்தபின்னும் தொட்டிச் சுவரில் பச்சையாக வழவழப்பு படிந்தது. தண்ணீரில் ஒரு வீச்சம். அம்மா துணி கட்டி வடித்து, கொதிக்க வைத்துக் கொடுத்தாள்.

"கீழ தண்ணி பச்ச புடிச்சுப் போச்சுங்க. எல்லா ஊட்டுலயும் சொல்றாங்க" என்றாள் ஒருநாள் சோறு போடும்போது.

"மழைன்னா தண்ணி கலங்கத்தேன் செய்யும்" என்றார் அப்பா. சோற்றைப் பிசைந்தபடி, வேறு யாருக்கோ சொல்வதுபோல, "இந்தக் கேரட்டும் கைவிட்டுதுன்னா நான் திருப்பூருக்குப் போயிர வேண்டியதுதேன். பனியன் கம்பெனியில ஆளெடுக்கறாங்களாம்" என்றார்.

அந்தப் பேச்சு எனக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. எங்கள் வகுப்பில் ஏற்கெனவே மூன்று பிள்ளைகளின் அப்பாக்கள் திருப்பூர் போயிருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் அப்பா உள்ளவர்கள். கேரட் கைவிடாமல் இருக்க என்ன செய்வது என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன். பத்து வயதுச் சிறுமிக்கு எட்டிய வழி ஒன்றுதான் இருந்தது. உரம் போட்டால் கேரட் வளரும் என்று அப்பாவே சொல்லியிருக்கிறார்.

ஐப்பசியில் ஒருநாள் மழைக்காகப் பள்ளிக்கூடம் லீவு விட்டார்கள். விட்டபிறகு வழக்கம்போல மழை நின்றுவிட்டது. அப்பா குன்னூருக்குப் போயிருந்தார். அம்மா பக்கத்து எஸ்டேட்டில் கூலிக்கு இலை கிள்ளப் போயிருந்தாள். கொட்டகையில் பாதி மூட்டை யூரியா இருந்தது. நான் அதைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு கேரட் காட்டுக்குப் போனேன். அப்பா செய்வதுபோல ஒரு கிண்ணத்தில் அள்ளிப் பாத்தி பாத்தியாகத் தூவினேன். அப்பா பிடிப்பிடியாகப் போடுவார். நான் கிண்ணம் கிண்ணமாகப் போட்டேன். நான்கு பாத்தி முடிவதற்குள் கை எரிந்தது, இடுப்பு விட்டுப்போனது. வானம் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. மீதியை நடுக்கானின் தலைமாட்டில் கொட்டிவிட்டால், மழைத்தண்ணீரே கரைத்துக்கொண்டுபோய் எல்லாச் செடிக்கும் கொடுத்துவிடும் அல்லவா? சாக்கைக் கவிழ்த்தேன். வெள்ளை வெளேரென்று சரிந்தது. அதைப் பார்க்க எனக்குத் திருப்தியாக இருந்தது. வீட்டுக்கு ஓடிப்போய்க் கை கழுவினேன்.

பெரிய மழை பெய்யவில்லை. பெய்திருந்தால் எல்லாம் அடித்துக்கொண்டு எங்கேயோ போயிருக்கும். ஒரு அரைமணி நேரத் தூறல்தான். உரத்தைக் கரைத்துக் கானோடு கீழே இறக்குவதற்கு மட்டும் போதுமான தூறல். கான் முடிகிற இடத்தில், அத்தை நிலத்தின் வேலிக்குப் பக்கத்தில், அது ஒரு குட்டையாகத் தேங்கியது. அங்கேதான் பசுவைக் கட்டியிருந்தார்கள். உப்புக் கரித்த தண்ணீர் மாட்டுக்குப் பிடித்துப்போயிருக்க வேண்டும்.

நாலு மணி வாக்கில் அத்தை கூப்பிடும் சத்தம் கேட்டது. யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. நான் இறங்கிப் போனேன். பசு படுத்திருந்தது. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது, வாயில் நுரை, வயிறு ஒரு பக்கமாக உப்பியிருந்தது. ஏழு மாதச் சினை. அத்தை அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமா டாக்டரைக் கூட்டிவர ஓடியிருந்தார்.

மாட்டு டாக்டர் மாமாவோடு பைக்கில் வந்து இறங்கியதும் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார். குட்டையில் விரலை விட்டு மோந்தார்.

"மேல யூரியா போட்டீங்களா?"

நாங்கள் எல்லாரும் தலையைத் தூக்கிச் சரிவைப் பார்த்தோம். மூன்று கான்களும் நேராக அத்தை நிலத்தை நோக்கி இறங்கியிருந்தன. அந்த நேரத்தில்தான் அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கி, எங்கள் காட்டு வழியாக வந்துகொண்டிருந்தார். நடுக்கானின் தலைமாட்டில் ஒரு கணம் நின்றார். குனிந்து காலிச் சாக்கை எடுத்தார். அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினார். அத்தை நிலத்தில் அவர் கால் வைத்து நான் பார்த்தது அதுவே முதல்தடவை.

"இந்த விஷத்துக்கு வினிகர் வேணும். ரெண்டு மூணு பாட்டில். சீக்கிரம்" என்றார் டாக்டர்.

யார் போவது என்று யாரும் கேட்கவில்லை. அப்பா சாக்கைக் கீழே போட்டுவிட்டு, வந்த வழியே ஏறி ஓடினார். பஸ் ஸ்டாப்பில் பேக்கரி இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாற்பத்தைந்து வயது மனிதர், மூச்சு இரைக்க அந்தச் சரிவில் ஏறியது இன்னும் கண்ணில் நிற்கிறது. திரும்பி வந்தபோது இரண்டு முழங்காலிலும் சேறு. விழுந்திருக்கிறார். பாட்டில்கள் உடையவில்லை.

மாமா பசுவின் வாயைப் பிடித்துக்கொண்டார். அப்பா மூங்கில் குழாயில் வினிகரும் குளிர்ந்த தண்ணீரும் கலந்து ஊற்றினார். நேரமாகிக்கொண்டே போனது. பசு பெரிய ஏப்பம் ஒன்று விட்டது. நடுக்கம் குறைந்தது. டாக்டர் கை கழுவிக்கொண்டே சொன்னார்:

"பொழச்சுக்கும். கன்னுக்குச் சொல்ல முடியாது. இவ்வளவு யூரியாவ யாருங்க போட்டது?"

அத்தை என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது.

"நானுங்க" என்றார் அப்பா.

பகலெல்லாம் அவர் குன்னூரில் இருந்தார் என்பது டாக்டரைத் தவிர எல்லாருக்கும் தெரியும். மாமா, "சரி மச்சான், சேறா இருக்கு. உள்ள வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார். அப்பா உள்ளே போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து குடித்தார்.

மூன்றாம் நாள் பசு குறைமாதத்திலேயே கன்றை வீசிவிட்டது. கிடாரிக்கன்று என்று அம்மா சொன்னாள். அத்தை இரண்டு நாள் ஊற்றுப் பக்கமே வரவில்லை. நான் சாப்பிடவில்லை. காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அப்பா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ச்சல் இல்லை என்று தெரிந்தும், "ரெண்டு நாள் படுத்துக்கட்டும்" என்றார். திட்டவில்லை. சாக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்கடுத்த வாரம் அவர் கீழே போய், வேலியோரம் நின்று, மாமாவை நேராகப் பார்த்துச் சொன்னார்: "மாப்பிள்ள, வந்து கான் வெட்டிக் குடுங்க."

மாமா மண்வெட்டியோடு வந்தார். நேர்க்கான்கள் மூன்றையும் இரண்டு பேருமாக மூடினார்கள். சரிவுக்குக் குறுக்கே, மிக லேசான வாட்டத்தில், புதுக்கான்கள் வெட்டினார்கள். பத்தடிக்கு ஒரு குழி. ஓடிவரும் மண் அதில் தங்கிவிடும், தெளிந்த தண்ணீர் மட்டும் தாண்டிப்போகும். அடியில், ஊற்றுக்கு மேலே, மூன்று பாத்திக் கேரட்டை அப்பாவே பிடுங்கிவிட்டுப் புல் விட்டார். வேலை செய்யும்போதும் அவர்கள் அதிகம் பேசவில்லை. "கொஞ்சம் ஏத்துங்க", "போதுங்க மச்சான்", அவ்வளவுதான். டாக்டர் சொல்லி, அப்பா மண்ணைத் துணிப்பையில் கட்டி ஊட்டிக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோனார். மண்ணில் சத்து ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருக்கிறது என்று வந்தது. அந்தக் காகிதத்தை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். செடி தின்னாத உரமெல்லாம் எங்கே போனது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தொட்டியின் பச்சை உடனே போய்விடவில்லை. அடுத்த மழைக்காலமும் கழிந்த பிறகே அம்மா வடிகட்டும் துணியை விட்டாள். பசு மறுவருடம் ஈன்றது, காளைக்கன்று. கேரட் நன்றாகத்தான் வந்தது. ஆனால் எல்லாருமே தேயிலையைப் பிடுங்கிக் கேரட் போட்டிருந்ததால் கேரட்டையும் கேட்பாரில்லை. அப்பா கடைசியில் திருப்பூர் போனார். இரண்டு வருடம் இருந்தார். அந்த இரண்டு வருடமும் எங்கள் காட்டைப் பார்த்துக்கொண்டது மாமா.

எனக்காக அப்பா ஒரு பொய் சொன்னார் என்பதை நான் யாருக்கும் தெரியாத நகையைப்போல வெகுநாள் வைத்திருந்தேன். அவர் திருப்பூரிலிருந்து வரும்போதெல்லாம், அந்தப் பொய்க்குத் தகுதியான பிள்ளையாக நடந்துகொள்ளப் பார்த்தேன். கல்லூரிக்குப் போன பிறகு, ஒரு விடுமுறையில், தைரியம் வந்து சொன்னேன். "அன்னைக்கு டாக்டர் கேட்டப்ப எனக்காகப் பொய் சொன்னீங்கப்பா."

அவர் களை வெட்டுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் எதைச் சொல்கிறேன் என்று அவருக்கு முதலில் பிடிபடவில்லை. நான் சாக்கைச் சொன்னேன், கிண்ணத்தைச் சொன்னேன், நடுக்கானைச் சொன்னேன்.

"அது பொய் இல்லீங்கண்ணு" என்றார். "நீ ஒரு நாள்தேன் கொட்டுன. நான் அதுக்கு முன்னாடி எத்தன நாள் கொட்டுனேன். கானயும் நாந்தேன வெட்டுனேன்."

மறுபடி குனிந்து களை வெட்டத் தொடங்கினார். அன்று அத்தையின் குட்டையருகே நின்ற பத்து வயதுக்காரிக்கு ஒரு காலிச் சாக்கு மட்டும்தான் தெரிந்தது. தங்கை வீட்டு மண்ணில் முதல்முறையாகக் கால் வைத்து நின்ற ஒரு மனிதர், அத்தனை பேர் முன்னால் தன் தப்பைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது தெரியவில்லை.