வலப்பக்கத்துப் பை

கோபம் வந்தால் வலியுல்லா ஊசியைப் பல்லிடுக்கில் கவ்விக்கொள்வார். வாயைத் திறந்தால் வாடிக்கை போய்விடும். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் கடை போட்டு உட்கார்ந்த பதினெட்டு வருஷத்தில், ஊசி துணியில் இருந்ததைவிடப் பல்லில் இருந்ததுதான் அதிகம்.

அவர் தொழில் கோட்டுத் திருப்புவது. வெயிலிலும் வேர்வையிலும் வெளுத்த கோட்டைத் தையல் தையலாகப் பிரித்து, நிறம் மங்காத உள்பக்கத்தை வெளியே கொண்டுவந்து தைத்தால் புதுக் கோட்டு. ஒரே ஒரு தொல்லை: இடது மார்பில் இருந்த பை வலப்பக்கம் போய்விடும். மற்றத் தையற்காரர்கள் அப்படியே விட்டுவிடுவார்கள். பார்த்த மாத்திரத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். வலியுல்லாவோ அதே கோட்டின் உள்மடிப்பிலிருந்து இழை உருவி, வலப்பக்கத்து வாயை நெய்தே மூடிவிடுவார். இடப்பக்கம் புதுப் பை. பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாது.

தெரியாததுதான் வினை. வாடிக்கைக்காரர்கள் கோட்டைக் காய்கறிப் பையில் திணித்து, மேலே நாலு கத்தரிக்காயைப் போட்டு, பின்சந்து வழியாகக் கொண்டுவருவார்கள். வெளியே மவுண்ட் ரோடு கடைப் பெயரைச் சொல்வார்கள். 'வலியுல்லா தைத்தது' என்று ஒருவர் வாயிலிருந்தும் வந்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலில், ஒரு பள்ளிக்கூடத்தில் பாண்டு வாத்தியம் வாசிக்கும் பையன்களின் நாற்பது கோட்டுகளைத் திருப்ப ஆள் தேடினார்கள். அந்த வேலை வந்தால் நாற்பது கோட்டும் முன்வாசல் வழியாக ஊரறிய வரும். வலியுல்லாவுக்கு அது போதும். தான் திருப்பிய தன் சொந்தக் கோட்டையே மாட்டிக்கொண்டு காரியதரிசி சேஷகிரி ஐயர் முன் போய் நின்றார்.

ஐயர் கையைத் தூக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார், துணியைத் தடவிப் பார்த்தார்.

"இது புதுக் கோட்டுன்னா, பாய். என்கிட்டயே கதை விடறீரே."

"சத்தியமா ஆறு வருசப் பழசு, சாமி."

"பழசு இப்படியா இருக்கும்? நீர் திருப்பின கோட்டைப் போட்டுண்டிருக்கற பெரிய மனுஷா யாரையாவது வந்து சொல்லச் சொல்லும். வேலையைத் தரேன்."

வலியுல்லா குளக்கரையில் வக்கீல் வேம்பு ஐயரை மறித்தார். மூன்று கோட்டு திருப்பிக்கொண்டவர்.

"திருப்பினதா?" வக்கீல் நாலு பக்கமும் பார்த்தார். "ஆத்துக்காரிகிட்டயே மவுண்ட் ரோடுல தெச்சுண்டேன்னு சொல்லி வெச்சிருக்கேன். கோர்ட்டுல தெரிஞ்சா நான் தலைகாட்ட முடியுமா?" சொல்லிக்கொண்டே, மூடிய பை இருந்த இடத்தில் இல்லாத தூசியைத் தட்டினார்.

இன்னொருவர் வலியுல்லாவை யாரென்றே தெரியாது என்றுவிட்டார்.

வீட்டில் பொத்தான் கட்டிக்கொண்டிருந்த மனைவி ஹாஜிரா பீ சிரித்தாள். "ஒரு நூலு வெளிய தெரியிறாப்ல தெச்சிருந்தா இந்நேரம் வேலை கெடச்சிருக்கும். உங்கள யாரு இவ்ளோ நல்லா தெக்கச் சொன்னது?"

மறுநாள் வலியுல்லா மறுபடி போனார். கோட்டைக் கழற்றிக் காரியதரிசியின் மேஜைமேல் விரித்தார். வலது மார்பில் ஊசிமுனையால் ஓர் இழையை நெம்பினார். இரண்டு நாள் உட்கார்ந்து நெய்த இடம். ஒவ்வோர் இழையாகப் பிரிந்து, பழைய பையின் வாய் திறந்தது.

ஐயர் அதில் விரலை விட்டுப் பார்த்தார்.

"அட, நிஜம்தான். நாற்பதும் உமக்கே."

வலியுல்லாவுக்கு முகம் மலர்ந்தது. ஐயர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"பசங்க ஆத்துலயெல்லாம் புதுக் கோட்டுன்னு சொல்லியிருக்கோம். அதனால கோட்டெல்லாம் உம்ம கடைக்குப் பின்சந்து வழியா வரும். என்னோடது ஒண்ணும் அதுல இருக்கும். யார்கிட்டயும் மூச்சு விடாதேயும்."

வலியுல்லா ஊசியை எடுத்துப் பல்லிடுக்கில் கவ்விக்கொண்டார். வலப்பக்கத்துப் பை ஆவென்று பிளந்து கிடந்த கோட்டை மாட்டிக்கொண்டு, முன்வாசல் வழியாகவே தெருவில் இறங்கினார்.