ஓரக்கண்ணால் ஆளை அடையாளம் காணும் முறை

என் மாமா மகளுக்கும் எனக்கும் ஒரே வயது. இந்த ஒரு விபத்தைத் தவிர எங்கள் இருவருக்கும் இடையில் பகை என்று சொல்ல எதுவும் கிடையாது. ஒரே வயது என்பதால் ஒரே வகுப்பு, ஒரே பரீட்சை, விழுப்புரத்தில் ஒரே இன்ஜினியரிங் கல்லூரி. அவள் மார்க்கைக் கேட்ட பிறகுதான் என் மார்க்கைக் கேட்பார்கள். நான் நன்றாகத்தான் படித்தேன். அவள் என்னைவிடக் கொஞ்சம் நன்றாகப் படித்தாள். அந்தக் கொஞ்சம்தான் என்னை இத்தனை வருடமாகத் தின்றுகொண்டிருக்கிறது.

படிப்பு முடிந்ததும் அவள் பெங்களூருக்குப் போனாள். நான் போட்டித் தேர்வு எழுதி, சென்னையில் காப்புரிமை அலுவலகத்தில் பரிசோதகராகச் சேர்ந்தேன். வாரம் முழுக்கச் சென்னையில் லேடீஸ் ஹாஸ்டல், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயிலைப் பிடித்து விழுப்புரத்தில் அம்மா வீடு. ஒருவர் ஏதோ ஒரு கருவியைக் கண்டுபிடித்து, இது என்னுடையது, வேறு யாரும் செய்யக் கூடாது என்று விண்ணப்பித்தால், அது உண்மையிலேயே புதியதா, இதற்கு முன் உலகத்தில் எங்காவது யாராவது வெளியே சொல்லியிருக்கிறார்களா என்று தேடுவது என் வேலை. சொல்லியிருந்தால் ஆட்சேபணை எழுதுவேன். எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலைக்குத் திண்டிவனத்தில் மண்டி வைத்திருக்கும் என் மாமாவுக்கு எக்ஸாமினர் என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. பரீட்சை ஹாலில் பிட் அடிக்கிறவர்களைப் பிடிக்கிற வேலை என்று மண்டிக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார். யோசித்துப் பார்த்தால் அதில் பெரிய தப்பும் இல்லை.

எனக்கு ஒதுக்கப்பட்ட துறைகளில் ஒன்று ஹெட்செட். முகத்தில் மாட்டிக்கொண்டால் இல்லாத உலகத்தைக் கண்முன் காட்டுமே, அந்தப் பெரிய கண்ணாடி. அதற்குள் குட்டிக் கேமராக்கள் இருந்து, மாட்டியிருப்பது யார் என்று கண்ணை வைத்துக் கண்டுபிடிக்கும். ரேஷன் கடையில் விரல் ரேகை விழாதவர்களைக் கருவிழியைக் காட்டச் சொல்கிறார்களே, அதே சங்கதிதான். ரேஷன் கடையில் ஒரு முறை காட்டினால் போதும். ஹெட்செட் மாட்டியிருக்கிற நேரமெல்லாம் விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும். இந்தத் துறையில் பெரிய பெரிய கம்பெனிகளுக்கெல்லாம் ‘இதில் புதுமை இல்லை’ என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். எழுதும்போது ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. சொந்தமாக எதையும் கண்டுபிடிக்காதவளுக்கு அது போதும் என்று இருந்தேன்.

ஒருநாள் காலையில் கம்ப்யூட்டர் எனக்கு ஒதுக்கிய புது விண்ணப்பத்தைத் திறந்தேன். கண்டுபிடிப்பாளர் என்ற இடத்தில் மாமாவின் இனிஷியலோடு அவள் பெயர். திண்டிவனம் விலாசம். பெங்களூர் வேலையை விட்டுவிட்டு ஒரு தோழியோடு சேர்ந்து கண், கேமரா என்று ஏதோ செய்கிறாள் என்று தெரியும். என் மேஜைக்கே வந்து உட்காருவாள் என்று நினைக்கவில்லை. சொந்தக்காரர்களின் விண்ணப்பத்தை நாங்கள் பார்க்கக் கூடாது. மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்து மதியத்துக்குள் திருப்பி அனுப்பிவிட்டேன். அது பக்கத்து சீட்டுக்காரருக்குப் போனது. அவர் நல்ல மனிதர். “உங்க மாமா பொண்ணா? பெருமையா இருக்குமே மேடம்” என்றார். ஆமாம் என்று சொன்னேன். அந்த ஒரு வார்த்தையை வெளியே தள்ளுவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

நான் அதைப் பரிசோதிக்கக் கூடாதே தவிர, படிக்கக் கூடாது என்று இல்லை. பிரசுரமான விண்ணப்பம் இணையதளத்தில் எல்லாருக்கும் திறந்துதான் கிடக்கும். அந்த வெள்ளிக்கிழமை ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனிலேயே படித்தேன். தப்புக் கண்டுபிடிக்கத்தான் படித்தேன்.

அவள் எழுதியிருந்தது இதுதான். வேர்வையில் ஹெட்செட் மூக்கின் மேல் கொஞ்சம் வழுக்கி இறங்கினால் கருவிழி கேமராவுக்குச் சரியாகத் தெரியாது. கருவி ஆளைத் தெரியவில்லை என்று நின்றுவிடும். ஆனால் மனிதர்கள் சும்மா இருக்கும்போதும் அடிக்கடி ஓரக்கண்ணால் பக்கத்தில் பார்ப்பார்கள். அப்போது கண்ணின் வெள்ளைப் பகுதி விரிந்து, அதில் மெல்லிய சிவப்பு நரம்புகள் தெரியும். அந்த நரம்புகளின் அமைப்பு ஒருவருக்கு இருப்பது போல இன்னொருவருக்கு இருக்காது. ஓரக்கண் பார்வைக்காகக் காத்திருந்து, அந்தக் கணத்தில் ஆளை உறுதி செய்துகொள்வதுதான் அவளுடைய முறை. ஒன்றாம் வகுப்பிலிருந்து அவளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பவள் நான். அதில் ஒரு கண்டுபிடிப்பு இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை.

செங்கல்பட்டு வருவதற்குள் இரண்டு முறை படித்துவிட்டேன். தப்பு இல்லை. வெள்ளை விழி நரம்பைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள், வழுக்குவதைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள், இரண்டையும் இப்படி முடிச்சுப் போட்டவர்கள் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. மேல்மருவத்தூர் தாண்டியதும் எனக்கு அழுகை வந்தது. நன்றாக இருக்கிறது என்பதைத்தான் தாங்க முடியவில்லை. மட்டமாக இருந்திருந்தால் அவள் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் வந்திருக்கும்!

திண்டிவனத்தில் ரயில் நின்றபோதுதான் அந்த பேனர் ஞாபகத்துக்கு வந்தது.

இந்த விண்ணப்பம் போடுவதற்கு முன்னால், ஒரு பொங்கல் சமயத்தில், எங்கள் கல்லூரி ஆண்டு விழாவுக்கு அவளைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் அதே கல்லூரியில் படித்தவள்தான், அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. மாமா விடுவாரா? காதுகுத்துக்கே ஆளுயர பேனர் வைக்கிற ஊர். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தார். ‘உலகம் வியக்கும் எங்கள் தங்கமே’ என்று மேலே எழுத்து. நடுவில் அவள் சிரித்த முகம். ஒரு பக்கம் ஹெட்செட், இன்னொரு பக்கம் அம்புக்குறிகள் போட்ட பெரிய கண் படம். கீழே ‘வாழ்த்தும் நெஞ்சங்கள்’ என்று உறவுக்காரர்களின் குட்டிக் குட்டி போட்டோக்கள். அதில் என் முகமும் இருந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. என் சம்மதம் இல்லாமலே நான் அவளை வாழ்த்திக்கொண்டு வெயிலில் தொங்கினேன்.

என் தொழிலில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டும். விண்ணப்பம் போடும் முன் கண்டுபிடிப்பைப் பொது இடத்தில் காட்டிவிட்டால் அது புதியது இல்லை என்று ஆகிவிடும். காட்டியது கண்டுபிடித்தவளின் அப்பாவாகவே இருந்தாலும், பாசத்தில் காட்டியிருந்தாலும், போனது போனதுதான். அந்தக் கண் படம் அவளுடைய வரைபடமாக இருந்தால், அம்புக்குறிகள் அந்த நரம்புகளைக் காட்டியிருந்தால், கதை அதோடு முடிந்தது. காப்புரிமை தரப்படும் முன் எந்த நபரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. ‘எந்த நபரும்’ என்ற அந்தச் சொற்களை வேலையில் எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன். அன்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல இருந்தது. அரசாங்க வேலையில் இருக்கிற என்னால் அதைச் செய்ய முடியாது. ஆனால் அந்த பேனர் போட்டோ யார் கையிலாவது கிடைத்தால் போதும். என் போனில் தேடினேன். எல்லாரும் படம் எடுத்துக்கொண்ட இடத்தில் நான் மட்டும் எடுக்கவில்லை.

அந்த நினைப்போடு பல வாரம் திரிந்தேன். எதுவும் செய்யவில்லை. செய்ய முடியும் என்பதே இனிப்பாக இருந்தது. அவளுடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்க்கும்போதெல்லாம், உன் குடுமி என் கையில் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

பிறகு பக்கத்து சீட்டுக்காரரின் பரிசோதனை அறிக்கை அவளுக்குப் போனது. அதற்குப் பதில் எழுத அவள் திண்டிவனத்துக்கு வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்லி அத்தை அம்மாவுக்குப் போன் செய்ததால் நாங்கள் இருவரும் போனோம். போய்ச் சேர்ந்தபோது அத்தை தன் மகளை உட்காரவைத்து உப்பும் மிளகாயும் சுற்றிக்கொண்டிருந்தார். ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சுற்றினார். உறவுக் கண் கையில் பழப் பையோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தது.

அவள் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். ஹெட்செட்டை எடுத்துவந்து என் முகத்தில் மாட்டி, ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லி, இடது வலது பார்க்கச் சொல்லி என் கண்ணைப் பதிவு செய்தாள். பிறகு மாமா மாட்டிப் பார்த்தார். அவருக்குத் திறக்கவில்லை. மறுபடி எனக்கு மாட்டி, வேண்டுமென்றே மூக்கு நுனிக்கு இழுத்துவிட்டாள். நான் எரிச்சலில் அவள் பக்கம் திரும்பாமல் கண்ணை மட்டும் திருப்பினேன். உடனே திறந்துகொண்டது. எல்லாரும் கைதட்டினார்கள். அறிக்கையைப் பற்றி ஏதோ கேட்க வந்தவளிடம், அதைப் பற்றி நான் பேசக் கூடாது என்றேன். சட்டென்று புரிந்துகொண்டு, தன் மேல்தான் தப்பு என்று மன்னிப்புக் கேட்டாள். கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டை மாடியில் காயும் மல்லாட்டையைக் கிளறிவிடச் சொன்னார் அத்தை. நான் போனேன். மல்லாட்டைக்கு அடியில் விரித்திருந்தது பழைய ஃப்ளெக்ஸ். ஒரு ஓரத்தில் அவளுடைய சிரித்த கன்னம் தெரிந்தது. மண்டியிட்டு இரண்டு கையாலும் காய்களை ஒதுக்கினேன்.

கண் வந்தது. அம்புக்குறிகள் வந்தன. ஒவ்வொரு அம்புக்கும் பக்கத்தில் வெளிறிப்போன எழுத்து: விழித்திரை, விழிலென்ஸ், பார்வை நரம்பு. பள்ளிக்கூடத்து அறிவியல் பாடம். ஹெட்செட்டும் ஏதோ விளையாட்டு விளம்பரத்திலிருந்து வெட்டி ஒட்டியது. அவளுடைய கண்டுபிடிப்பில் ஒரு துளிகூட அதில் இல்லை. நான் அன்றைக்கு அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பேனரில் அவள் முகத்தையும் என் குட்டி போட்டோவையும் தவிர வேறு எதையும் நான் பார்த்திருக்கவில்லை.

“இன்னாடி அத்தப் போயி பாத்துக்கினு இருக்க?” என்று பின்னால் அவள் குரல். மாடிக்கு வந்திருந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கண்ணைப் பார்த்துச் சிரித்தாள். “நான் வரைஞ்ச படத்தக் குடுன்னு அப்பா ஒரே பேஜாரு. நான் தரவே இல்ல. அப்புறம் ஃப்ளெக்ஸ் கடைக்காரரு ஏதோ கண்ணாஸ்பத்திரி நோட்டீஸ்லருந்து எடுத்துப் போட்டுட்டாரு.”

“ஏன் தரல?” என்றேன்.

“நீதானடி சொன்ன. பெரியத்தை வீட்டு வளைகாப்புல, வளையல் போட்டுக்கினு இருக்கசொல்ல. ஃபைல் பண்றதுக்கு முன்னாடி பெத்தவங்களுக்குக்கூட காட்டக் கூடாது, காட்டினா போச்சுன்னு.”

சொல்லியிருப்பேன். அந்த வளைகாப்பில் எல்லாரும் அவளைச் சுற்றி உட்கார்ந்து பெங்களூர்க் கதை கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாராவது என் பக்கம் திரும்ப மாட்டார்களா என்றுதான் என் வேலையைப் பற்றிச் சத்தமாக அளந்துகொண்டிருந்தேன். யாரும் திரும்பவில்லை என்று நினைத்தேன். இவள் ஒருத்தி கேட்டிருக்கிறாள். கேட்டதோடு நில்லாமல் அதன்படி நடந்தும் இருக்கிறாள். நான் பீற்றிக்கொண்ட பேச்சுதான் அவளுடைய காப்புரிமையைக் காத்து வைத்திருக்கிறது. அன்று வாயை மூடிக்கொண்டு வளையலை மட்டும் போட்டிருக்கலாம் என்று தோன்றியது. சந்தோஷம் தோன்றியிருக்க வேண்டும்தான். தோன்றவில்லை.

அவள் மல்லாட்டையை உடைத்துப் பருப்பை என் கையில் போட்டாள். மாடிப்படியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“இன்னொண்ணு வெச்சிருக்கேன்டி. இதவிட நல்லா வந்திருக்கு. கூட வேல செய்யறவகிட்டகூட இன்னும் சொல்லல. உனக்கு மட்டும் காட்டட்டா?”

போனை ஏற்கெனவே கையில் எடுத்திருந்தாள். இதைவிட நல்லதாம். இதையே என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை.

“வேணாம்” என்றேன். “ஃபைல் பண்ற வரைக்கும் யாருக்கும் காட்டாத. எனக்கும் காட்டாத.”

விதிப்படி சரியான பதில். எங்கள் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அவள் போனை அணைத்து மடியில் வைத்தாள். கண் கலங்கியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, “உன்னாட்டம் எனக்கு யாருடி இருக்கா?” என்றாள்.

அக்கறை என்று எடுத்துக்கொண்டாள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, நான் மல்லாட்டையைக் கிளற ஆரம்பித்தேன்.