ஓட்டை விழுந்த இருபது பெட்டிகள்

உங்கள் வீட்டு அலமாரிக்கு மேலே தூசி தின்றுகொண்டு கிடக்கிறதே ஒரு பழைய கம்ப்யூட்டர், அது செத்துவிட்டது என்று உங்களுக்கு யார் சொன்னது? மூடியைக் கழற்றிப் பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். நாலு திருகாணிக்குப் பயந்து நடுங்குகிற கூட்டம் நாம்.

பயப்படாத பெண் ஒருவர் இருக்கிறார். பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில் அவர் கடை. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். ஆணியில் கொத்துக் கொத்தாக மவுஸ்கள். கீபோர்டு இடுக்கைச் சுரண்ட ஏழு பழைய டூத் பிரஷ்கள். மூலையில் தெருவே விற்ற, தெருவே மறுபடி வாங்கப்போகிற கம்ப்யூட்டர்கள்.

தெருவில் அவருக்குக் 'குறைச்சீட்டு அக்கா' என்று பெயர். மற்ற கடைக்காரர்கள் பழைய பொருளைப் புதிதுபோல் துடைத்து, வாய் கிழியப் புகழ்ந்து விற்பார்கள். அக்கா ஒவ்வொன்றிலும் அதன் குறையை எழுதி ஒட்டிவிடுவார். 'விசிறி இரைச்சல் போடும்.' 'ஐந்தாம் எண்ணை அழுத்திக் குத்தணும்.' 'காலையில் முதல் தடவை எழுந்திருக்காது, இரண்டாம் தடவை எழுந்திருக்கும்.'

"இப்படி எழுதினா எவன் வாங்குவான்?" என்று பஸ் ஓட்டுநரான அவர் கணவர் ஆரம்பத்தில் கேட்டார்.

"உங்க மேல சீட்டு ஒட்டாமத்தான் உங்கம்மா என் தலையில கட்டினாங்க. பட்ட அனுபவம்தாங்க."

சீட்டைப் படித்தவர்கள் வாங்கினார்கள். வாங்கியவர்கள் திரும்பி வந்து சண்டை போடவில்லை. எதைப் பற்றிச் சண்டை போடுவது? எல்லாம்தான் எழுதியிருக்கிறதே!

ஒருநாள் ஒரு பெரிய அலுவலகம் கழித்துப்போட்ட இருபது கம்ப்யூட்டர்களை வாங்கி வந்தார். மாலைப் பள்ளிக்காக வாங்கியவை. தையல் கூடத்திலும் துணி துவைக்கும் கடையிலும் பகலெல்லாம் உழைத்துவிட்டு, ஆறு மணிக்குக் கணக்கெழுதும் வேலை கற்க வரும் பெண்களின் பள்ளி அது. மூன்று மாதமாகக் காகிதத்தில் கீபோர்டு வரைந்து அதில் விரலைத் தட்டிப் பழகுகிறார்கள். திங்கட்கிழமை நிஜக் கம்ப்யூட்டர் வரும் என்று அவர்களின் ஆசிரியையிடம் அக்கா வாக்குக் கொடுத்திருந்தார்.

ஒவ்வொரு பெட்டியின் முன்பக்கமும் ஒரே இடத்தில், கட்டைவிரல் நுழையும் அளவு ஓட்டை. உள்ளிருக்கும் தகவல்களை யாரும் எடுக்கக் கூடாதென்று அலுவலகமே டிரில்லிங் மெஷினால் போட்ட ஓட்டை. தகவலெல்லாம் தங்குகிற ஹார்டு டிஸ்க்கை அது துளைத்திருக்க வேண்டும். அக்கா முதல் பெட்டியைத் திறந்தார். ஓட்டை இருந்தது. டிஸ்க் அதற்கு ஒரு சாண் மேலே சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது. இருபதிலும் அதே கதை! ஒரு டிஸ்க்கைச் சோதனைக்கு மாட்டினார். ஊழியர்களின் மருத்துவ விடுப்புக் கடிதங்கள் வரிசை கட்டி நின்றன. ஒன்றையும் திறக்காமல் மின்சாரத்தை நிறுத்தினார்.

"நீயே அழிச்சிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்திடு," என்றார் கணவர். "போய்ச் சொன்னேன்னு வை, பயந்துபோய் மொத்தத்தையும் பிடுங்கி நசுக்கிடுவாங்க. திங்கட்கிழமை அந்தப் பொண்ணுங்க முகத்துல எப்படி முழிப்ப?"

"அடுத்த வாரம் இன்னும் முப்பது பெட்டி கழிக்கப்போறாங்க. அதுவும் இப்படித்தான் போகும். யாரோ ஒருத்தியோட வியாதி எவன் கையிலயோ மாட்டணுமா? ஊருக்கெல்லாம் சீட்டு ஒட்டுறேன், இதுக்கு மட்டும் ஒட்ட மாட்டேனா?"

மறுநாள் இருபது டிஸ்க்குகளையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு போய் அலுவலக மேலாளரின் மேசையில் வைத்தார். மேலாளருக்கு வேர்த்துவிட்டது.

"எப்படிம்மா? என் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்து, எங்க துளைக்கணும்னு அட்டையில அளவு வெட்டிக் கொடுத்தேனே!"

"உங்களது வேற மாடல் சார். உங்க சட்டையை அளவெடுத்து ஊருக்கே தைச்சிருக்கீங்க."

இருபது பெட்டியைத் துளைத்த ஆளுக்கு ஒரு மூடியைக்கூடக் கழற்றிப் பார்க்கத் தோன்றவில்லை. மேலிருந்து வந்த அட்டை பொய் சொல்லுமா? உலகத்தின் பாதி அநியாயம் இந்த அட்டையை வைத்துத்தான் நடக்கிறது.

"எல்லாப் பெட்டியையும் திருப்பிக் கொண்டாங்க. நசுக்கிடலாம்," என்றார் மேலாளர்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "உங்க ரகசியம் இந்தப் பைக்குள்ள இருக்கு சார். அங்க இருக்கிறது தகரமும் விசிறியும்தான்."

"தகரத்துல கொஞ்சமாவது ஒட்டியிருக்காதா?"

"சாப்பிட்ட தட்டுல பசி ஒட்டியிருக்குமா சார்?"

கோப்பு அடுக்கிக்கொண்டிருந்த பெண் ஊழியர் களுக்கென்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திச் சொன்னார்: "சார், அந்தப் பையில என் கடிதமும் இருக்கும். அவங்க நினைச்சிருந்தா வித்திருக்கலாம். கொண்டுவந்து கொடுத்தவங்களையா தண்டிக்கிறீங்க?"

மேலாளர் பையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். எழுந்து, அந்த டிரில்லிங் மெஷினையே வரவழைத்தார். வண்டி நிறுத்துமிடத்தில் இருபது டிஸ்க்கையும் தானே துளைத்தார். ஆறாவது டிஸ்க்கிலிருந்து அவர் முகத்தில் சந்தோஷம்கூடத் தெரிந்தது. அடுத்த முப்பது பெட்டியிலும் டிஸ்க்கைக் கழற்ற அக்காவையே வரச் சொன்னார்.

அக்காவின் கையிருப்பில் அழித்துச் சுத்தம் செய்த பழைய டிஸ்க் பதினொன்றுதான் தேறியது. திங்கட்கிழமை மாலை பதினொரு கம்ப்யூட்டர்கள், ஒன்றுக்கு இரண்டு பேர், முழங்கை இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். காகிதத்தில் பழகிய விரல் பொத்தானைக் குத்திய குத்தில் மேசை ஆடியது. "மெதுவாடி, அது காகிதமில்ல!" என்று ஆசிரியை கத்தினார். ஒருத்தி முன்பக்க ஓட்டையில் பேனாவைச் செருகி வைத்திருந்தாள். மேலே அக்காவின் சீட்டு: 'குறை: ஒரு ஓட்டை. காரணம்: திறந்து பார்க்காமல் போட்டது.'

மிச்சம் ஒன்பது பெட்டிகள் டிஸ்க் இல்லாமல் அக்காவின் கடையில் காத்திருக்கின்றன. உங்கள் அலமாரிக்கு மேலே முழுசாக ஒன்று சும்மா கிடக்கிறது; அதனால்தான் கேட்கிறேன். இன்றே நாற்காலி போட்டு ஏறி, அந்தக் கம்ப்யூட்டரைக் கீழே இறக்குங்கள். நாலு திருகாணியைக் கழற்றுங்கள். உங்கள் ரகசியங்களை முழுசாக அழித்துவிடுங்கள். அழிக்கத் தெரியாவிட்டால் டிஸ்க்கை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குறையை ஒரு சீட்டில் ஒளிக்காமல் எழுதி ஒட்டுங்கள். பிறகு, உங்கள் தெருவில் காகிதத்தில் விரல் தட்டிக்கொண்டிருப்பவர் யாரென்று தேடிப்போய்க் கொடுங்கள்.